கடைசிப் பத்து நொடியை வெட்டச் சொல்லுங்கள்

‘பொய்ச் செய்தியை நம்பாதே’ என்று கரும்பலகையில் எழுதி ஊடகப் பாடத்தைத் தொடங்காதீர்கள். பிள்ளைகள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் கையாலேயே ஒரு பொய்யைச் செய்ய வையுங்கள்.

என் ஒன்பதாம் வகுப்பில் முப்பது நொடிக்கு ஒரு வீடியோ எடுப்போம். ஒருத்தி தோழியின் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறாள். கால் சுளுக்கிய தோழிக்குப் பஸ்ஸில் பை போட்டு இடம் பிடிக்கத்தான் ஓடினாள் என்பது கடைசிப் பத்து நொடியில்தான் தெரியும். அந்தப் பத்து நொடியை வெட்டிவிட்டு, ‘பள்ளி வாசலில் திருட்டு’ என்று தலைப்புப் போட்டுப் பக்கத்து செக்‌ஷனுக்குக் காட்டுங்கள். என்ன நடந்தது என்று ஆளுக்கு இரண்டு வரி எழுதட்டும். பிறகு முழுதாகப் போட்டுக் காட்டுங்கள். படம்பிடிப்பது உங்கள் போனில் மட்டும். பாடம் முடிந்ததும் அழித்துவிடுங்கள். நடித்த பிள்ளையின் பெயர் கெடக்கூடாது.

அதன்பின் 2018-ஐச் சொல்லுங்கள். பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிப்போகும் வீடியோ அப்போது இந்தியாவில் சுற்றியது. அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முடிவில் குழந்தையை இறக்கிவிட்டு ஒரு அட்டையைக் காட்டுவார்கள். அந்த முடிவை யாரோ வெட்டியிருந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் கடத்தல் வதந்தி பரவியிருந்தது. கோயிலுக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டியைக் கூட்டம் அடித்தே கொன்றது. இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகும். அறிவுரை சொல்லி அந்த அமைதியைக் கலைக்காதீர்கள்.

ஒரு வீடியோ எங்கிருந்து வந்தது என்று தேடுவது எளிது. வீடியோவை நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போடலாம். முகத்தைவிடக் கடைப் பலகையும் வண்டி எண்ணும் அதிகம் சொல்லும். ஒன்றும் கிடைக்காவிட்டால் செய்தி உண்மை என்று ஆகிவிடாது; பிள்ளைகள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

கஷ்டம் வீட்டில்தான். பெரியப்பா அனுப்பியதைக் குடும்பக் குரூப்பில் எல்லோர் முன்னாலும் பொய் என்று போட்டால் அவர் முகம் சுருங்கும், பேச்சும் நின்றுபோகும். தனியாகப் போய், “பெரியப்பா, இதோட முழு வீடியோ இருக்கா?” என்று கேட்கப் பழக்குங்கள். ஒரு மாணவி அப்படித்தான் கேட்டாள். “தேடிப் பார்த்தாரு மிஸ், கிடைக்கல, அழிச்சுட்டாரு” என்றாள். அதற்குள் சித்தி அதை வேறு குரூப்பில் போட்டுவிட்டாராம். சித்தியிடம் எப்படிக் கேட்பது என்று அடுத்த பீரியட் முழுக்கப் பேசினோம்.