கிரெடிட் கார்டு பாயிண்டை முதலில் பைசாவாக மாற்றிப் பாருங்கள்

கார்டில் செலவழிப்பதற்கு வங்கி தருகிற பாயிண்டைப் பார்க்க ஆப்பைத் திறந்தால் 4,000 பாயிண்ட் என்று காட்டும். கொள்ளாமே என்று தோன்றும். ஆனால் அது நாலாயிரம் ரூபாய் இல்லை. சாதாரண கார்டுகளில் ஒரு பாயிண்டுக்கு 20, 25 பைசாதான் கிடைக்கும், வருடக் கட்டணம் அதிகமுள்ள பெரிய கார்டுகள் சிலவற்றில், அதுவும் விமான டிக்கெட் போடும்போது, ஒரு ரூபாய் வரை போகும். அதனால் முதல் வேலையாக உங்கள் கார்டில் ஒரு பாயிண்ட் எத்தனை பைசா, எத்தனை ரூபாய் செலவுக்கு எத்தனை பாயிண்ட் என்ற இரண்டையும் வங்கியின் ஆப்பில் பார்த்து எழுதி வையுங்கள்.

ஒரு கணக்கு போடுவோம். 150 ரூபாய்க்கு 2 பாயிண்ட், பாயிண்டுக்கு 25 பைசா. அப்படியானால் 150 ரூபாய்க்கு 50 பைசா, ஒரு லட்சம் செலவழித்தால் சுமார் 333 ரூபாய். அவ்வளவுதான் விஷயம். அதைப் பணமாகவோ பொருளாகவோ எடுக்கப் போகும்போதும் பல வங்கிகள் ஒரு தடவைக்கு 99 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கும், கிட்டத்தட்ட 117 ரூபாய். ஆயிரம் பாயிண்ட் சேர்ந்த உடனே எடுத்தால் 250 ரூபாயில் உங்களுக்கு நிற்பது 133. நாலாயிரம் சேரும் வரை பொறுத்தால் 1,000 ரூபாயில் 883 நிற்கும். அதற்காகப் பல வருடம் அடைகாக்கவும் வேண்டாம், நிறைய கார்டுகளில் இரண்டு மூன்று வருடத்தில் பாயிண்ட் காலாவதியாகிவிடும், நடுவில் வங்கியே மதிப்பைக் குறைத்தாலும் நாம் ஒன்றும் செய்ய முடியாது.

எடுப்பது எதற்கு என்பதில்தான் பெரிய வித்தியாசம் வரும். வங்கியின் கேட்டலாக்கில் மிக்ஸி, பை, தோசைக்கல் எல்லாம் வரிசையாக இருக்கும், அவர்கள் கேட்கிற பாயிண்டைப் பைசாவால் பெருக்கிவிட்டு அதே பொருள் நம்ம குமரி மாவட்டத்து வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ கடையில் என்ன விலை என்று விசாரியுங்கள், பெரும்பாலும் ஆசை விட்டுப்போகும். பில்லில் கழித்துக்கொள்வது சுலபம், ஆனால் சில கார்டுகளில் அதற்குத்தான் மதிப்பு ரொம்பக் குறைவு. எப்படியும் வாங்கப்போகிற மளிகைக்கோ துணிக்கோ வவுச்சர் எடுப்பது பரவாயில்லை. அதிக மதிப்பு பொதுவாகப் பயணத்தில்தான் கிடைக்கும். நமக்கு விமானம் என்றால் திருவனந்தபுரம்தானே, வளைகுடாவுக்குப் போய்வரும் ஆள் இருக்கிற வீட்டில் இது நல்லாவே பயன்படும். ஆனால் வங்கி போர்ட்டலில் டிக்கெட் விலையே கூடுதலாக இருக்கலாம், விமான நிறுவனத்தின் தளத்தில் அதே நாள் அதே விமானத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள். கார்டைக் காட்டிச் சாப்பிட விடுகிற விமான நிலைய ஓய்வறையான லவுஞ்சை நம்பிச் சாப்பிடாமல் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இப்போது பல கார்டுகளில் முந்தைய மூன்று மாதத்தில் குறிப்பிட்ட தொகை செலவழித்திருந்தால்தான் உள்ளே விடுவார்கள்.

நாகர்கோவில், சென்னை என்று ரயிலில் அடிக்கடி போகிறவராக இருந்தால் ஐஆர்சிடிசியோடு சேர்ந்து எஸ்பிஐ உட்பட சில வங்கிகள் தரும் கார்டுகளைப் பார்க்கலாம். அந்த எஸ்பிஐ கார்டில் ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய், டிக்கெட்டுக்கே பயன்படுத்தலாம். ஆனால் பெரிய லாபம் ஏசி வகுப்புக்குத்தான், ஸ்லீப்பரில் போகிறவர்களுக்கு அது பெரிதாக உதவாது.

இனி நகைக்கடை. கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போய், இத்தனை லட்சமும் கார்டில் தேய்த்தால் பாயிண்ட் கொட்டுமே என்று நினைப்பவர்கள், பில் போடும் முன்பே கார்டில் கட்டுவதற்குக் கடை தனியாகப் பிடிக்கிற ஸ்வைப் சார்ஜ் உண்டா என்று கேட்டுவிடுங்கள். 2 சதவீதம் என்றால் லட்சத்துக்கு 2,000 ரூபாய், நமக்குக் கிடைப்பது அந்த 333. சில கார்டுகளில் நகைக்குப் பாயிண்டே கிடையாது. சார்ஜ் இல்லை, பணமும் கையில் தயார் என்றால் மட்டும் தேய்க்கலாம். அதில் இன்னொரு லாபமும் உண்டு. வருடத்துக்கு ஒரு லட்சம் செலவழித்தால் வருடக் கட்டணம் தள்ளுபடி என்ற மாதிரி விதி பல கார்டுகளில் இருக்கிறது. 499 ரூபாய் கட்டணம் ஜிஎஸ்டியோடு 589 ஆகும், அது மிச்சமானால் அதே லட்சத்துக்கு வரும் பாயிண்டைவிட அதிகம். என்னைக் கேட்டால் பாயிண்டை விட்டுவிட்டு முதலில் இதைத்தான் குறிவைக்க வேண்டும்.

பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் பணம் போடுவது, இஎம்ஐ, இவற்றுக்கெல்லாம் பெரும்பாலான கார்டுகளில் பாயிண்ட் வராது. ரூபே கிரெடிட் கார்டை 2022 முதல் யுபிஐயில் இணைக்க முடிகிறது, சின்னக் கடையிலும் ஸ்கேன் செய்யலாம், யுபிஐ செலவுக்குப் பாயிண்ட் உண்டா என்பது கார்டுக்குக் கார்டு மாறும். சந்தையில் மீன்காரர் தன் சொந்தக் கணக்கின் க்யூஆரை வைத்திருந்தால் கிரெடிட் கார்டில் போகாது, கடைக்கான க்யூஆருக்குத்தான் போகும்.

இவ்வளவு பார்த்தும் பில்லை முழுசாகக் கட்டாவிட்டால் எல்லாம் வீண். 20,000 ரூபாய் பில்லில் குறைந்தபட்சத் தொகை என்று 1,000 மட்டும் கட்டினால், மாதம் 3.75 சதவீத வட்டியில் மீதிக்கு மட்டுமே சுமார் 712 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 840. அந்த 20,000 ரூபாய்க்கு வந்த பாயிண்டின் மதிப்பு 66 ரூபாய். பாக்கி இருக்கிற வரை புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்த மாதிரி நிலையில் இருப்பவர்கள் பாயிண்டை மறந்துவிட்டுக் கார்டை அலமாரியில் வைப்பதே நல்லது.

'உங்கள் பாயிண்ட் இன்று இரவோடு காலாவதி, இந்த லிங்கைத் தொடுங்கள்' என்று வருகிற மெசேஜை அப்படியே அழித்துவிடுங்கள். அதை அனுப்புகிற மோசடிக்காரன் தரும் ஆப்பைப் போனில் ஏற்றினால் ஓடிபி வரை அவன் கைக்குப் போய்விடும், நம்ம சக்கரமும், அதாவது பணமும், அதோடு போகும். பாயிண்டைப் பார்க்க வங்கியின் சொந்த ஆப் போதும். ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லிக் கார்டை முடக்குங்கள்.

கார்டே வேண்டாம் என்று முடிவெடுத்தால் முதலில் பாயிண்டை எடுத்துவிட்டு அப்புறம் மூடச் சொல்லுங்கள், மூடிய பிறகு பொதுவாக அது கிடைக்காது. பாக்கி இல்லாத கார்டை வங்கி 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, அதனால் கோரிக்கை கொடுத்த தேதியைக் குறித்து வையுங்கள்.