தலைவர் பெயரில் பணம் கேட்டு மெயில் வந்தால்

சேவைச் சங்கத் தலைவர் பெயரில் “அவசரம், நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு கிஃப்ட் கார்டு வாங்கி எண்களை அனுப்புங்கள்” என்று மெயிலோ வாட்ஸ்அப் செய்தியோ வந்தால், அதற்குப் பதில் எழுதாதீர்கள். உங்கள் போனில் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் எண்ணில் அவரையே அழைத்துக் கேளுங்கள்.

பதில் எழுதினால் அது செய்தி அனுப்பியவனுக்கே போகும். “ஆமாம், நான்தான்” என்று அவனே சொல்லிவிடுவான். சங்க நிர்வாகிகளின் பெயரும் படமும் பொதுவில் கிடைப்பவை, அதை வைத்துப் புது கணக்கு தொடங்க அதிக நேரம் ஆகாது. “மீட்டிங்கில் இருக்கிறேன், கூப்பிடாதீர்கள்” என்று ஒரு வரி சேர்த்திருந்தால் சந்தேகமே வேண்டாம், மோசடிதான் என்று வைத்துக்கொள்ளலாம். கிஃப்ட் கார்டு எண் கைமாறிவிட்டால் பணத்தை மீட்பது மிகக் கடினம் என்பதால்தான் அதைக் கேட்கிறார்கள்.

கிஃப்ட் கார்டுக்குப் பதிலாக “இந்தப் புது வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள்” என்றும் கேட்கலாம். அதனால் அடுத்த கூட்டத்திலேயே ஒரு விதி போட்டுவிடுங்கள்: பணம் அனுப்ப வேண்டிய வங்கிக் கணக்கு எண் மாறினால் கூட்டத்தில் நேரில்தான் அறிவிக்க வேண்டும். அப்புறம் அப்படி ஒரு மெயில் வந்தால் பொருளாளர் தயங்காமல் “முடியாது” என்று சொல்லலாம்.

தலைவரின் போனே திருட்டுப் போயிருந்தால், அல்லது சிம் வேறொருவர் கைக்குப் போயிருந்தால் அழைத்துக் கேட்கும் வழி உதவாது. நேரில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் இன்னொரு நிர்வாகியிடம் கேட்க வேண்டும். சங்கத்துக்கு உள்ளேயே ஒருவர் பணத்தில் கை வைத்தாலும் இதனால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஒவ்வொரு பணப் பட்டுவாடாவுக்கும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும்.