அவள் ஏன் கூடையைத் தூக்கினாள்? கதை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி, புதிதாக எழுதுகிறவர்களின் கதைகளைப் படித்துப் பேசுகிறோம். பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். குன்னூர், ஊட்டி, கூடலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். மலை வாழ்க்கையைப் பற்றி அவர்களுக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனால் கதை பாதியில் மாட்டிக்கொண்டதும், எழுதத் தொடங்கிய காலத்தில் நாங்கள் எந்தக் குழியில் விழுந்தோமோ அதே குழியில் சொல்லிவைத்தாற்போல விழுகிறார்கள்.

எழுத்துப்பிழை, காலம் மாறி மாறி வருவது, முதல் பக்கத்துச் செல்வி பத்தாம் பக்கத்தில் செல்வராணி ஆவது, இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். யாராவது ஒருவர் படித்தாலே கண்ணில் பட்டுவிடும். சுலபத்தில் கண்ணில் படாத கோளாறு வேறு. கதைக்கு வேண்டியதைப் பாத்திரம் செய்துவிடுகிறது, அதைச் செய்ய அதற்கென்று சொந்தக் காரணம் எதுவும் இருப்பதில்லை.

காரணத்தைத் தேடி முன்கதைக்கு ஓடுவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அண்மையில் ஒரு நாவல் பிரதி வந்தது. குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட். நர்சிங் முடித்த பெண்ணுக்குக் கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரி வேலை உறுதியாகிவிட்டது. ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் அவள் அம்மாவின் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போயாக வேண்டும். போகாவிட்டால், நாலாம் அத்தியாயத்தில் எடை போடும் இடத்தில் நடக்கும் திருட்டை யார் கண்டுபிடிப்பது? எழுதிய இளைஞருக்கு இதுதான் சிக்கல்.

முதலில், காதலன் ஏமாற்றிவிட்டான், மனம் வெறுத்து ஊர் திரும்பினாள் என்று எழுதியிருந்தார். "ஏமாத்திட்டான்னா நைட் டூட்டியா கேட்டு வாங்கிப் பார்ப்பா. கூடையை எதுக்குத் தூக்குறா?" என்று கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார். அடுத்த மாதம் காதலன் போய், சாகக் கிடக்கும் அப்பா வந்தார். "இந்த மண்ணை விட்டுப் போகாதே" என்று மகளிடம் சத்தியம் வாங்கினார். எஸ்டேட் மண் என்ன அவர் பாட்டன் சொத்தா? அதற்கடுத்த மாதம் அப்பாவும் இருந்தார், காதலனும் திரும்பி வந்திருந்தான். இருபது பக்கம் கதை பின்னால் போயிருந்தது. கூடை மட்டும் சுவரில் மாட்டியபடியே இருந்தது.

ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதை முன்கதை சொல்லும். இந்தத் திங்கட்கிழமை காலையில் அவர் ஏன் இதைச் செய்கிறார் என்பதற்கு, அந்தத் திங்கட்கிழமையின் நெருக்கடி வேண்டும். நான் கேட்கச் சொல்கிற கேள்வி ஒன்றுதான்: இதைவிடச் சுலபமான வழி இருந்ததே, அதை எது அடைத்தது?

அவளுக்குச் சுலபமான வழி கோவைக்கு பஸ் ஏறுவது. அதை அடைத்தது எது என்பதற்கான பதில் பிரதியின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது, எழுதியவர்தான் கவனிக்கவில்லை. அம்மாவுக்கு அந்த ஜூனோடு சர்வீஸ் முடிகிறது. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்ததிலிருந்து தொழிலாளிக்கு வீடு கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. வேலை முடிந்தால், வரிசையாகக் கட்டிக்கொடுத்த அந்த லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதனால்தான் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போன பிறகும், குடும்பத்தில் ஒருவர் பெயராவது செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், நிற்கும்படி பலர் பார்த்துக்கொள்கிறார்கள்.

பணிக்கொடை வருமே, வேறு இடம் பார்க்கலாமே என்று படிப்பவர் கேட்பார். கேட்கட்டும், கணக்கைப் போட்டே காட்டிவிடுங்கள். சட்டப்படி பணிக்கொடை ஒரு வருட சர்வீசுக்கு 15 நாள் கூலி. நாள் கூலி 400 ரூபாய், சர்வீஸ் 30 வருடம் என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 1,80,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு குன்னூரில் மனை கேட்டால் புரோக்கர் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

சரி, கோவையில் வாடகைக்குப் போகலாமே? அவள் தம்பி குன்னூரில் பிளஸ் டூ படிக்கிறான், மார்ச்சில் பரீட்சை. தம்பி பெயரைப் போடலாமே? அப்புறம் பரீட்சையை யார் எழுதுவது? மார்ச் வரைக்கும் அந்த வீட்டிலிருந்து ஒரு பெயர் வேண்டும், மிச்சம் இருப்பது அக்கா மட்டும்தான். ஆஸ்பத்திரியில் அதுவரை இடம் வைத்திருப்பார்களா என்ற பயமும் தினம் அவளோடு தோட்டத்துக்கு வரும்.

இப்படி ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டு வந்தால் கிடைக்கும் லாபம் பெரிது. திருட்டைப் பார்ப்பதற்காக அவளைத் தற்செயலாக எடை போடும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டியதில்லை. படிப்புக்கு வாங்கிய கடனின் தவணை கோவைச் சம்பளத்தை நம்பி இருந்தது. இப்போது, குறித்த அளவுக்கு மேல் பறிக்கும் கிலோவுக்குக் கிடைக்கும் கூடுதல் காசுதான் கதி. பேஷண்டின் டெம்பரேச்சரைச் சார்ட்டில் குறித்துப் பழகிய கை வேறு. ஒவ்வொரு எடைக்கும் கிலோவைத் தன் நோட்டில் குறிக்கிறாள். முள் 14 காட்டுகிறது. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழித்து 12 எழுதுகிறார்கள். வெயில் காய்ந்த நாளிலும் ஈரத்துக்குக் கழிக்கிறார்கள் என்பது மூன்றாவது வாரம் அவள் நோட்டிலேயே தெரிந்துவிடும். நாலாம் அத்தியாயத்துக்கு வேறென்ன வேண்டும்?

"சார், இது ரொம்ப சாதாரணமா இருக்கே. கொஞ்சம் உருக்கம் வேண்டாமா?" என்றார் எழுதியவர். உருக்கம் அம்மாவிடம் இருக்கிறது, அங்கே போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மகளைப் படிக்க வைத்ததே அந்தக் கூடையை அவள் தொடக்கூடாது என்றுதான்.

குடி

"அப்பா குடிகாரர்." சரி, குடிக்காத நாளில் என்ன செய்வார்?

சிக்னல் இல்லை

ஒரு போனில் தீர்ந்துபோகிற தப்பெண்ணத்தை வைத்து நூறு பக்கம் ஓட்டுவதற்கு மலையில் கிடைத்த சாக்கு இது. எந்த வளைவில் போய் நின்றால் டவர் கிடைக்கும் என்று அந்த ஊர் வாண்டுக்கும் தெரியும். கதாநாயகி பேசாமல் இருக்க அவளுக்கே ஒரு காரணம் கொடுங்கள். போன் செய்தால் காதலன் தான் கொடுத்த பணத்தைக் கேட்பான், அது போதும்.

மண்சரிவும் காட்டெருமையும்

2009 நவம்பரில் மலை சரிந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. தேயிலைக்குள் காட்டெருமை நிற்பதும் கோத்தகிரியில் ஒரு செய்தியே அல்ல. ஆகவே இரண்டையும் கதையில் வைக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பாதை அடைபட்டு ஒருவர் மாட்டிக்கொள்ளலாம். பாதை அடைபட்டதாலேயே ஒருவர் பிழைத்துக்கொண்டால்தான் இடிக்கிறது. ஒரு கதையில், ஏஜென்ட்தான் கொலைகாரன் என்று நிரூபிக்க வழி தெரியாமல், கடைசிப் பக்கத்தில் அவரைக் காட்டெருமையை விட்டு முட்டவைத்தார்கள். எருமைக்காவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

வரலாற்றையே காரணமாக்குவது

1964-இல் போடப்பட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படி வந்த குடும்பங்கள் நீலகிரியில் ஏராளம். பின்னாளில் டான்டீ ஆன அரசுத் தேயிலைத் திட்டம் 1968-இல் தொடங்கியதே அவர்களுக்கு மறுவாழ்வு கொடுக்கத்தான். இதை எழுத வேண்டும், எழுதியது போதவும் இல்லை. ஆனால் வருகிற கதைகளில் "எங்க தாத்தா கப்பல்ல வந்தவர்" என்று ஒரு பேரன் சொல்கிறான். அதனாலேயே கோபப்படுகிறான், அதனாலேயே காதலிக்க மறுக்கிறான், அதனாலேயே ஒருவனை வெட்டவும் போகிறான். ஐந்து லட்சம் பேருக்குப் பொதுவான ஒன்று தனியாக ஒருவனைக் கத்தி எடுக்க வைக்காது. அது அவன் கைக்கு ஒரு காகிதமாக வந்து சேர வேண்டும். கல்லூரிக்குச் சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். தாத்தா கொண்டுவந்த காகிதக் கட்டைப் பீரோ மேலிருந்து இறக்கிப் பிரிக்கிறார்கள். கொள்ளுப்பாட்டன் பெயர் ஒன்றில் முத்தையா, இன்னொன்றில் முத்துசாமி. இனி எந்த அலுவலக வாசலில் அவன் கத்தினாலும் நாம் நம்புவோம்.

வாயால் சொல்லிவிடுவது

"இந்த வீட்டைக் காப்பாத்தத்தான் வந்தேன் அம்மா" என்று எந்த மகளும் சொல்வதில்லை. "மார்ச் வரைக்கும் தகரத்தை மாத்தித் தாங்கன்னு ஆபீஸ்ல போய்க் கேக்காத. அவங்களுக்கு நம்ம ஞாபகமே வரக்கூடாது" என்பாள். ஒழுகும் இடத்தில் அம்மா சட்டியை வைப்பார். அத்தோடு விட்டுவிடுங்கள்.

எதிராளி கெட்டவன் என்பதால்

அதே பிரதியில், எடையில் கழிக்கும் மேஸ்திரிக்குத் தங்கப் பல்லும் கெட்ட சிரிப்பும் இருந்தன. எதற்காகக் கழிக்கிறார் என்பது எங்கேயும் இல்லை. கழித்த கிலோ எங்கே போகிறது என்று எழுதியவரும் யோசிக்கவில்லை.

பறித்த கொழுந்து சாக்கில் கிடந்து, டிராக்டரில் ஏறி, பேக்டரி போய்ச் சேர்வதற்குள் ஈரம் வற்றி எடை குறையும். தோட்டத்து எடைக்கும் பேக்டரி எடைக்கும் வித்தியாசம் வந்தால் மேலே இருப்பவர்கள் கூப்பிட்டுக் கேட்பது மேஸ்திரியைத்தான். அதனால் சாயங்காலம் வரப்போகும் குறைவைக் காலையிலேயே எடுத்து வைத்துக்கொள்கிறார். ஒரு தடவை திட்டு வாங்கியவர் அடுத்த தடவை ஒரு கிலோ சேர்த்தே கழிப்பார். மிஞ்சியதை யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும், தனக்கு வேண்டியவர் கணக்கில் ஏற்றவும் கை வந்துவிட்டது. இதில் எந்த இடத்தில் திருட்டு தொடங்கியது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

ஆகவே அவர் பையிலும் ஒரு நோட்டு இருக்கும், தோட்டத்து எடை ஒரு பக்கம், பேக்டரி எடை ஒரு பக்கம் என்று. அவள் நோட்டும் அவர் நோட்டும் ஒரே மேசைக்கு வரும் காட்சியை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்.

"அப்ப மேஸ்திரி மேல பரிதாபம் வந்துடுமே சார்."

வந்தால் வரட்டும் என்றேன். பிரதி இன்னும் வரவில்லை.