சூரியக் காற்று கிளப்பும் வளிமண்டல அலை: தரவில் தேடிப் பிடிப்பது எப்படி?

துருவ ஒளி தெரியும் பகுதிகளிலிருந்து கிளம்பும் சில அலைகள் வளிமண்டலத்தின் உச்சியில் ஆயிரக்கணக்கான கி.மீ. ஓடுகின்றன. அவற்றைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். இலவசத் தரவும் கொஞ்சம் பைத்தான் நிரலும் போதும். பயிற்சிக்கு 2015 மார்ச் 17 காந்தப் புயலை எடுத்துக்கொள்வோம்.

முதலில், நடப்பது என்ன?

சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னேறிய துகள்களின் ஓட்டமே சூரியக் காற்று. அது சுமந்துவரும் காந்தப்புலத்தின் வடக்கு-தெற்குக் கூறுக்கு பி-இசட் என்று பெயர். அது தெற்கே திரும்பினால் பூமியின் காந்தப்புலத்தோடு இணைந்துகொள்ளும்; ஆற்றல் உள்ளே வரும். துருவ ஒளி வளையத்தில் சுமார் 100 முதல் 120 கி.மீ. உயரத்தில் பெரும் மின்னோட்டம் பாயும். அது அங்குள்ள காற்றைச் சூடாக்கும், தள்ளவும் செய்யும். மேலெழும் காற்றை ஈர்ப்பு கீழே இழுக்க, அந்த ஊசலாட்டம் அலையாகப் பரவும். (இதை ஈர்ப்பு அலை என்பார்கள். கருந்துளைகள் மோதும்போது வரும் ஈர்ப்பலை வேறு.)

இதில் முக்கியமானது மின்னோட்டத்தின் அளவைவிட அதன் மாற்றம்தான். மடையைத் திறந்தே வைத்தால் வாய்க்காலில் நீர் சீராக ஓடும். திறந்து திறந்து மூடினால்தான் அலையடிக்கும். அதனால்தான் கரோனா துளைகளிலிருந்து (சூரியனின் வெளி வளிமண்டலத்தில் காந்தப்புலம் திறந்திருக்கும் பகுதிகள்) வரும் வேகமான சூரியக் காற்று, பெரிய புயல் எதையும் உண்டாக்காதபோதும், நாள்கணக்கில் அலைகளைக் கிளப்ப முடிகிறது. அதில் பி-இசட் ஓயாமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும்.

படி 1: சூரியக் காற்று

நாசாவின் ஆம்னிவெப் தளத்தில் 5 நிமிடத் தரவை எடுங்கள். வேகம், பி-இசட், ஏஇ குறியீடு (துருவ ஒளி வளைய மின்னோட்டத்தின் வலுவைக் காட்டுவது) மூன்றும் வேண்டும். பி-இசட்டை, பூமியின் காந்த அச்சைக் கணக்கில் எடுக்கும் ஜிஎஸ்எம் ஆயங்களில்தான் எடுக்க வேண்டும். அதைக் கணக்கில் எடுக்காத ஜிஎஸ்இ ஆயங்கள் இந்த வேலைக்கு ஒத்துவராது. இன்னொன்று: சூரியக் காற்றை அளக்கும் செயற்கைக்கோள் இருப்பது 15 லட்சம் கி.மீ. தள்ளி. அங்கிருந்து காற்று பூமியை எட்டும் நேரத்தை ஆம்னி ஏற்கெனவே கணக்கில் சேர்த்துவிடும். நீங்கள் மறுபடி சேர்த்தால் எல்லாம் தள்ளிப்போகும்.

மார்ச் 17 அன்று சூரியக் காற்றின் அதிர்ச்சி முகப்பு (வேகமும் அழுத்தமும் திடீரென எகிறும் முன்விளிம்பு) வந்து மோதியது உலக நேரம் சுமார் 04:45.

படி 2: மின்னோட்டம்

ஏஇ எகிறும் நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வட ஐரோப்பாவின் இமேஜ் காந்தமானி வலையமைப்பில் கிருனா அல்லது டிரோம்சோ நிலையத்தைப் பாருங்கள். வடக்குக் கூறு சடாரென்று சரிந்தால், மேலே மேற்கு நோக்கிய மின்னோட்டம் வலுத்திருக்கிறது என்று அர்த்தம்.

படி 3: அலை

அலை 200, 300 கி.மீ. உயரத்துக்கு ஏறும்போது அங்குள்ள எலக்ட்ரான்களையும் ஆட்டிவைக்கும். ஜிபிஎஸ் சமிக்ஞையில் அது பதிவாகும். மேட்ரிகல் தரவுத்தளத்தில் ஐரோப்பாவுக்கு மேலான மொத்த எலக்ட்ரான் அளவை (சமிக்ஞை வரும் பாதையில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை) எடுத்து, ஒரு மணி நேர நகரும் சராசரியைக் கழியுங்கள். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் அட்சரேகை என்று வண்ண வரைபடம் போடுங்கள். தெற்கு நோக்கிச் சாயும் பட்டைகள் தெரிந்தால் அதுதான் அலை.

படி 4: வேகம்

பட்டையின் சாய்வே வேகம். உதாரணத்துக்கு, 68° வடக்கிலிருந்து 48°க்கு ஒரு பட்டை 62 நிமிடத்தில் வருகிறது என்று வையுங்கள். 20° என்பது சுமார் 2,220 கி.மீ.; வேகம் நொடிக்கு ஏறக்குறைய 600 மீட்டர். பெரிய அலைகள் பொதுவாக 400 முதல் 1000 மீட்டர் வரை ஓடும். பட்டையை வடக்கே நீட்டிப் பார்த்தால் படி 2இல் குறித்த நேரத்துக்குப் பக்கத்தில் போய் முடிய வேண்டும்.

நம்புவதற்கு முன்

சராசரியைக் கழிப்பதே சில சமயம் போலி அலையை உண்டாக்கும். ஒரு மணியை 40 நிமிடமாகவும் 90 நிமிடமாகவும் மாற்றிப் பாருங்கள். அலைவுக் காலமும் (ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான நேரம்) கூடவே மாறினால் சந்தேகப்படுங்கள். சரி, அதையும் தாண்டிவிட்டால் தென் அரைக்கோளத் தரவுக்குப் போகலாம். புயலின்போது தென் துருவ வளையத்திலிருந்தும் அலை கிளம்பும். அங்கே பட்டைகள் வடக்கு நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்.