புதிய பதிப்புக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் ஐந்து ரோடு பக்கம் இருக்கும் எங்கள் சிறிய அலுவலகத்தில் சென்ற மாதம் இரண்டு இளைஞர்கள் ஒரு முழு நாளையும் புலம்பியே கழித்தார்கள். செயலி எழுத அவர்கள் பயன்படுத்தும் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. ஆசையோடு இறக்கினார்கள். மெனுக்கள் இடம் மாறியிருந்தன. கைக்குப் பழகிய குறுக்குவிசைகள் வேலை செய்யவில்லை. திறப்பதற்கே முன்பைவிட அதிக நேரம் பிடித்தது. "இதற்காகவா அண்ணா இத்தனை நாள் காத்திருந்தோம்?" என்று ஒருவன் கேட்டான்.

அவன் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் கோபப்பட்ட எதுவும் யாருடைய பணத்தையும் பெயரையும் கெடுக்காது. பத்து நாளில் கை பழகிவிடும். கெடுக்கக்கூடிய மாற்றம் கண்ணில் படாத இடத்தில்தான் இருக்கும். அதை இருவரும் தேடவே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் நானும் தேடவில்லை. நகல் எடுத்து வைப்பது, வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒப்படைக்கும் வாரத்தில் மாற்றுவது

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்கு, பழம் பறிப்பவர்களின் எடைக் கணக்கை எழுதும் செயலி. பறிப்புக் காலம் தொடங்கிவிட்டது, மறுநாள் காலை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். முந்தைய இரவு "புதிய பதிப்பு தயார்" என்று திரையில் வந்த அறிவிப்புக்கு எங்கள் பையன் சரி என்று அழுத்திவிட்டான். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே போய், மேற்பார்வையாளர் கேட்ட ஒரு சின்னத் திருத்தத்தைச் செய்ய மடிக்கணினியைத் திறந்தபோது, திட்டம் எழும்ப மறுத்தது. இன்னும் ஏதேதோ இறக்க வேண்டும் என்றது. அந்தச் சரிவில் கைப்பேசிக்குச் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அன்று எடையைத் தாளில்தான் எழுதினார்கள்.

ஒன்றை மாற்றினால் அதைத் தாங்கி நிற்கும் மற்றொன்றையும் மாற்ற வேண்டிவரும். எடுத்துக்காட்டாக, ஆண்ட்ராய்டு செயலியைக் கட்டித் தரும் கருவியான ஆண்ட்ராய்டு கிரேடில் செருகுநிரலின் 7.0 பதிப்புக்கு ஜாவா 11 போதும், 8.0 பதிப்புக்கு ஜாவா 17 வேண்டும். இதை அலுவலகத்தில் சாவகாசமாகக் கண்டுபிடிப்பது வேறு, மலை மேல் கண்டுபிடிப்பது வேறு.

ஓடுகிறது, ஆகவே சரி என்று நம்புவது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளி வியாபாரிக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் சுத்த வெள்ளியை எடை போட்டுப் பட்டறைக்குக் கொடுப்பார், பட்டறையிலிருந்து கொலுசு வரும். வந்த கொலுசின் எடையை அதன் தரத்தால் பெருக்கினால், எவ்வளவு சுத்த வெள்ளி திரும்பியது என்று தெரியும். அது பட்டறைக்காரர் பேரில் வரவு. கிராமில் இரண்டு தசம இடம் வரை கணக்கு வைப்பது அவர்கள் வழக்கம்.

நான் பயன்படுத்திய உருவாக்க மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தது. மூன்று நாளில் திட்டத்தை அதற்கு மாற்றினேன். ஒரு பிழைச் செய்திகூட இல்லை. ரசீது அச்சானது, அறிக்கை திறந்தது, கொண்டுபோய் நிறுவிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து வியாபாரி கூப்பிட்டார். ஒரு பட்டறைக் கணக்கில் ஏறத்தாழ மூன்று கிராம் குறைகிறது என்றார். மூன்று கிராம் வெள்ளி பெரிய விலை இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் வெள்ளி குறைகிறது என்றால் அதற்கு ஒரே பொருள்தான். அந்தப் பட்டறைக்காரப் பெரியவர் அவருக்கு இருபது வருடத்துக்கும் மேலாகக் கொலுசு செய்து கொடுப்பவர். அவரிடம் நேராக எதுவும் கேட்கவில்லை, புது வெள்ளி கொடுப்பதை மட்டும் நிறுத்தியிருந்தார்கள்.

பெரியவர் தன் சிட்டையோடு வந்தார். வெள்ளித் தூள் படிந்து ஓரம் கறுத்த கோடு போட்ட நோட்டு, நீல மையில் நெருக்கி எழுதிய எண்கள். என் பக்கம் தள்ளி, ஒரு வரியில் விரலை வைத்தார். கொலுசு 125.3 கிராம், தரம் 65 (நூற்றுக்கு 65 பங்கு சுத்த வெள்ளி), சுத்தம் 81.45. என் திரையில் அதே வரி 81.44.

பெருக்கிப் பாருங்கள், சரியாக 81.445 வரும். கடைசி ஐந்தை மேலே தூக்குவதுதான் கடை வழக்கம், பழைய பதிப்பும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. புதிய பதிப்பு, சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோனது. கணிதத்தில் அது தவறே இல்லை, கூட்டுத்தொகை ஒரு பக்கம் சாயாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு அது. ஆனால் கடையின் கணக்கு அதுவல்ல. தராசு 0.1 கிராம் துல்லியத்தில் காட்டுகிறது, தரம் 65. ஆகவே ஏறத்தாழ பாதி வரிகள் ஐந்தில்தான் முடியும், அவற்றில் பாதி கீழே இறங்கும். மூன்று மாதத்தில் 1,200 வரிகள். நான்கில் ஒரு வரிக்கு 0.01 கிராம் என்றால் மூன்று கிராம்.

அன்றைக்கே சரிசெய்து, வியாபாரியிடம் தவறு என்னுடையது என்று பெரியவரை வைத்துக்கொண்டே சொன்னேன். மறுநாள் வெள்ளி கொடுத்தார்கள். ஆனாலும் அந்த நோட்டை அவர் மூடி மடியில் வைத்துக்கொண்ட விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. புதிய பதிப்போடு வந்த வெளியீட்டுக் குறிப்பில் இந்த மாற்றம் ஒரே வரியில் எழுதப்பட்டிருந்தது. நான் "புதிய வசதிகள்" பகுதியோடு நிறுத்திவிட்டேன்.

ஆகவே யாராவது "பிழை இல்லாமல் ஓடுகிறது அண்ணா" என்று சொன்னால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. இது அரிதான விபத்தும் அல்ல. பைதான் என்ற நிரல்மொழியில் 2008-இல் வந்த பைதான் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏழை இரண்டால் வகுத்தால் பைதான் 2 மூன்று என்றது, பைதான் 3 மூன்றரை என்கிறது. 2.5-ஐ அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோகச் சொன்னால் முன்னது மூன்று, பின்னது இரண்டு. விஷுவல் பேசிக் 6 நிரல்மொழியில் 16 பிட்டாக இருந்த இன்டிஜர் என்ற முழு எண் வகை, அந்த மொழி டாட்நெட்டுக்கு மாறியபோது 32 பிட்டானது. எல்லாம் காரணத்தோடு, அறிவித்துச் செய்த மாற்றங்கள்தாம். குறிப்பைப் படிக்காதவன் கணக்கில்தான் இடிக்கும்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் முப்பது வரி வைத்திருக்கிறோம். எல்லாம் உண்மையான பழைய பதிவுகள், விடை கையால் சரிபார்த்தது. நல்ல எண்களாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது, முரண்டு பிடிக்கும் எண்கள் வேண்டும். சரிபாதியில் முடிவது, பூஜ்யம், திருப்பி அனுப்பிய சரக்கின் கழித்தல் தொகை, பிப்ரவரி 29, நிதியாண்டு முடியும் மார்ச் 31. பழைய பதிப்பிலும் புதியதிலும் ஓட்டி, இரண்டு வெளியீடுகளையும் வரிக்கு வரி ஒப்பிடுகிறோம். ஒரு எழுத்து மாறினாலும் காரணம் தெரியும்வரை நிறுவுவதில்லை. அரை நாள் வேலை.

சார்புப் பட்டியலில் கூரைக்குறியைக் கவனிக்காமல் விடுவது

செயலி எழுதப் பயன்படும் ஃப்ளட்டரில், நம் நிரல் சார்ந்திருக்கும் பிறர் எழுதிய தொகுப்புகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒரு தொகுப்பின் பதிப்பு எண்ணுக்கு முன்னால் கூரைபோல ஒரு குறி (^) இருந்தால், "இதுவோ, அடுத்த பெரிய பதிப்புக்கு முந்தைய எதுவோ" என்று பொருள். 1.4.0 என்று நீங்கள் நினைத்திருக்க, வேறொருவர் கணினியில் 1.9.2 வந்து உட்காரும். உண்மையில் எந்தப் பதிப்பு வந்தது என்று குறித்து வைக்கும் பூட்டுக் கோப்பையும், நிரலைச் சேமிக்கும் களஞ்சியத்தில் சேர்த்து வையுங்கள்.

பழையதிலேயே தங்கிவிடுவது

ஒரு முறை சூடுபட்டவர்கள் செய்வது. கூகுள் பிளே, செயலிகள் குறிவைக்க வேண்டிய ஆண்ட்ராய்டு பதிப்பை ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டே போகிறது. தங்கியவர்கள் பிறகு நான்கு படிகளை ஒரே மூச்சில் தாண்ட வேண்டிவரும்.

திட்டுவதோடு நிறுத்திக்கொள்வது

பிழையைக் காட்டும் மிகச் சிறிய நிரலை வெட்டி எடுத்து, உருவாக்கியவர்களுக்கு அனுப்புங்கள்.

பழைய பதிப்பின் நிறுவல் கோப்பை அழிப்பது

கூடாது.