மாசசூசெட்ஸ் காலனில ஒரு ஏழை எந்த ஊரு பொறுப்புன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

பழைய டவுன் ரெக்கார்ட்ல ஒருத்தர் பேரு பக்கத்துல "ஊரை விட்டுப் போகச் சொல்லியாச்சு"ன்னு இருக்கும், உடனே ஐயோ பாவம் துரத்திட்டாங்கன்னு முடிவு கட்டிடாதீங்க, அப்படி சொல்லப்பட்டவங்க நெறைய பேரு அதே ஊர்லயேதான் இருந்தாங்க. நாளைக்கு இந்தாளு படுத்துட்டா செலவு எங்க தலைல விழக்கூடாதுன்னு ஊரு முன்கூட்டியே கை கழுவுறதுதான் அது. 1601 இங்கிலாந்து சட்டத்துல அந்தந்த பாரிஷ், அதாவது ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட பகுதி, அதோட ஏழையப் பாத்துக்கணும், மாசசூசெட்ஸ் இருக்குற அமெரிக்காவோட நியூ இங்கிலாந்து பகுதில அந்த சுமை டவுன் மேல வந்துச்சு.

மொதல்ல வருஷத்தப் பாருங்க, ஏன்னா கணக்கே மாறிடும். 1692 சட்டப்படி யாரும் போகச் சொல்லாம மூணு மாசம் குடியிருந்துட்டா அந்த ஊருதான் பொறுப்பு, 1701ல அத பன்னெண்டு மாசமாக்கிட்டாங்க, 1767க்கு அப்புறம் எத்தன வருஷம் இருந்தாலும் பத்தாது, ஊரே ஒத்துக்கிட்டு சேத்துக்கணும்.

அடுத்து குடும்பம். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, புள்ள, பேரன் யாருக்காவது வசதி இருந்தா அவங்க தலைலதான் மொதல்ல கட்டுவாங்க. பொண்டாட்டிக்கு புருஷனோட ஊருதான், அதனால ஒரு விதவைய தேடுறீங்கன்னா அவ வாழ்ந்த ஊர மட்டும் பாத்துட்டு நிறுத்தாதீங்க, அவ கால் கூட வெக்காத ஊரு அவளுக்கு கடமைப்பட்டிருக்கலாம். அடிமையா இருந்தவங்கள விடுதலை பண்ணணும்னா 1703ல இருந்து எஜமான் டவுனுக்கு 50 பவுண்ட் ஜாமீன் கட்டணும், வயசான காலத்துல அத்து விட்டுட்டு செலவ ஊரு மேல தள்ளிடுவாங்கன்ற பயம்தான் (பயம் அவங்களப் பத்தி இல்ல, காசப் பத்தி).

இப்ப அந்த என்ட்ரிய நிதானமா படிங்க. பாஸ்டன்ல 1765ல இருந்து 1774 வரைக்கும் ராபர்ட் லவ்னு ஒருத்தர் இதே வேலையா தெருத்தெருவா நடந்தாரு, புதுசா வந்தவங்க பேரு, கடைசியா எங்கேர்ந்து வந்தாங்க, யாரு வீட்ல தங்கியிருக்காங்க, எல்லாம் எழுதிட்டு ராஜா பேரால 14 நாள்ல கெளம்புன்னு சொல்வாரு. அதுல "கடைசியா இருந்த ஊரு" தான் உங்களுக்கு துருப்புச்சீட்டு, அடுத்து தேட வேண்டியது அங்கதான். ஆனா கடைசியா இருந்த ஊரும் பொறுப்பான ஊரும் ஒண்ணாவே இருக்கணும்னு இல்ல, இதுல நான் நல்லா ஏமாந்திருக்கேன்.

டவுன் புக்ல பேரு கெடைக்கலன்னா கவுன்ட்டி (மாவட்டம் மாதிரி) செஷன்ஸ் கோர்ட் பேப்பர பாருங்க, ஊரை விட்டுப் போகச் சொல்ற வாரண்ட கான்ஸ்டபிள் நிறைவேத்திட்டேன்னு திருப்பிக் குடுக்குறது அங்கதான் போய் சேரும். எந்த ஊருக்குமே சொந்தமில்லாத ஆளா இருந்தா செலவு மாகாண கஜானாவுக்கு போகும், அந்தக் கணக்கையும் ஒரு தடவ பொரட்டுங்க. ரெண்டு ஊரு உன் ஆளு என் ஆளுன்னு கேஸ் போட்டு அடிச்சுக்கிட்டது கெடச்சா அதிர்ஷ்டம்தான், அந்த மனுஷன் எங்க பொறந்தான், யாருகிட்ட வேல பாத்தான்னு மொத்த கதையும் சாட்சி சொல்ற சாக்குல அதுல எழுதியிருக்கும்.