மலைக்காட்டு ஆரண்யத்துக்குப் போகிறீர்களா? கொழும்புக்காரர் வழக்கமாக விடும் பிழைகள்

கங்காராமையும் களனியும் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். விகாரை என்றால் எந்த நேரமும் போகலாம், வாசலில் பூத்தட்டு வாங்கலாம், பக்கத்துத் தேவாலயத்தில் கதிர்காமத் தெய்யோவுக்குத் தேங்காயும் உடைக்கலாம். அதே நினைப்போடு மெல்சிரிபுரப் பக்கத்து நா உயன, மீதிரிகல நிஸ்ஸரண வனய போன காட்டு மடங்களில், அதாவது ஆரண்யங்களில், போய் இறங்குவதுதான் முதல் பிழை. மற்றப் பிழைகள் எல்லாம் அதன் பிள்ளைகள். ஆட்களை விட்டு விலகியிருக்க வேண்டும் என்றே பிக்குமார் தெரிந்தெடுத்த இடம் ஆரண்யம். நாங்கள் அங்கே பக்தர்கள்கூட இல்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்.

ஆகவே போன் பண்ணாமல் போகவேண்டாம். "பௌர்ணமிப் போயா லீவுதானே" என்று வான் பிடித்துப் போனால், அன்றைக்குத்தான் வெள்ளை உடுத்துச் சில் எடுக்கும் (விரத ஒழுக்கம் காக்கும்) ஊர்ச்சனம் நிறைந்திருக்கும். எசல போயாவுக்கு மறுநாள் தொடங்கும் மூன்று மாத வஸ் காலத்திலும் (பிக்குமார் ஓரிடத்திலேயே தங்கும் மழைக்காலம்) கேட்டுவிட்டே போங்கள். பிக்குமாருக்குச் சாப்பாட்டுத் தானம் கொடுக்கும் நாட்களை ஊர்க் குடும்பங்கள் முன்கூட்டியே பதிந்து வைத்திருப்பார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் தடுமாறுவது. விடிந்தபின் ஆறுதலாக வெளிக்கிட்டு, குருநாகலில் தேத்தண்ணிக்கு நின்று, பன்னிரண்டரைக்குச் சோற்று வாளியோடு போய் நிற்பார்கள். உச்சி சாய்ந்தபின் பிக்குமார் சாப்பிடுவதில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் அந்தச் சோறு நாய்க்கும் காகத்துக்கும்தான். பகல் தானம் 11 மணியளவில் நடக்கும். அதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். பின்னேரத்தில் 'கிலன்பச' எனும் பானம் கொடுக்கலாம்தான், ஆனால் பால் தேத்தண்ணி வேண்டாம். பிக்குமாரின் ஒழுக்க விதியான விநயத்தைக் கடுமையாகக் காக்கும் இடங்களில் பாலும் சாப்பாடாகவே கணக்கு. வெறுந்தேத்தண்ணியும் சீனியும் போதும்.

கொண்டுபோனதை மேசையில் வைத்துவிட்டு வருவதும் பிழை. கையில் கொடுக்காததை அவர்கள் உண்ணமாட்டார்கள். இரண்டு கையாலும் தூக்கிக் கொடுங்கள். கொடுத்த பிறகு "சாது, இதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் வைக்கிறேன்" என்று தட்டை நகர்த்தாதீர்கள். நீங்கள் தொட்டால் திரும்பவும் கொடுக்க வேண்டிவரும். பழமென்றால் இன்னொரு சடங்கும் உண்டு. முளைக்கக்கூடிய விதையுள்ள தோடம்பழத்தை நீட்டினால், பிக்கு "கப்பியங் கரோஹி" (உண்ணத் தகுந்ததாக்கித் தாருங்கள்) என்பார். நீங்கள் கத்தி நுனியால் பழத்தில் ஒரு கீறல் போட்டு, "கப்பியம் பந்தே" (தகுந்ததுதான், சுவாமி) என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். செடிகொடியை அழிப்பது அவர்களுக்கு விலக்கு. அதனால் "அந்தக் கொப்பிலிருந்து ஒரு மாங்காய் பறித்துத் தாங்கோ" என்று பிக்குவிடம் பிள்ளைகள் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசை மடித்துக் கையில் திணிக்க வேண்டாம். வனவாசி பிக்குமார் பணம் தொடுவதில்லை. நன்கொடையை அங்குள்ள பொறுப்பாளரிடம் கொடுக்கலாம். மாளிகாகந்தைக் கடைகளில் கண்ணாடித்தாள் சுற்றிவைத்திருக்கும் பிரிகரப் பொதியைவிட (பிக்குமாருக்கான பொருட்கள் அடங்கிய பொதி), என்ன தேவை என்று கேட்டு ரோர்ச் பற்றரியோ சவர்க்காரமோ மருந்தெண்ணெயோ வாங்கிப் போவதுதான் மரியாதை.

பெண்கள் தனியே ஒரு பிக்குவைச் சந்திக்கக் கேட்டால் மறுத்துவிடுவார்கள். அவமதிப்பு என்று எடுக்கவேண்டாம். ஒரு பெண்ணோடு மறைவான இடத்தில் தனித்திருப்பது அவருக்கு விதி மீறல். அண்ணனையோ மகனையோ கூட்டிப்போங்கள்.

கடைத்தெருச் சிங்களத்தில் பிக்குவை "ஓயா" (நீ, நீங்கள் என்று சமமானவரை அழைக்கும் சொல்) என்று கூப்பிடுவதைக் கேட்டால் எனக்கே கூச்சமாக இருக்கும். "ஹாமுதுருவனே" (சுவாமி) என்ற ஒரு சொல் தெரிந்தால் போதும், மிச்சத்தைச் சிரித்துச் சமாளிக்கலாம்.

உடுப்பு வெள்ளையாகவோ வெளிர்நிறமாகவோ, தோளும் முழங்காலும் மூடியதாகவும் இருக்கட்டும். துணியில் என்ன படம் இருக்கிறது என்றும் ஒருதரம் பாருங்கள். 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு பெண் கைதானார். அவருடைய சட்டையில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுப்பதும் இந்த நாட்டில் விளையாட்டு விஷயமில்லை.

காட்டுப் பாதைக்குச் சப்பாத்து, அட்டைக்கு உப்பு அல்லது சவர்க்காரம். வாசனைத் திரவியம் வேண்டாம், கத்தவும் வேண்டாம். சீகிரியாவில் குளவி கலையும், சத்தம் போடாதீர்கள் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். மற்ற மலைகளின் குளவிக்கும் அதே குணம்தான்.

இரவு தங்கப் போகிறவர்களில் சீனி வருத்தக்காரர் இருந்தால், அதைப் போனில் பேசும்போதே சொல்லிவிடுங்கள். அங்கே இராச்சாப்பாடு கிடையாது. மருந்தோடு எதையாவது சாப்பிட்டே ஆகவேண்டும் என்றால் அதற்கு ஒழுங்கு செய்ய முடியுமா என்று கேட்டுக்கொண்டு, முடியாது என்றால் காலையில் போய்ப் பின்னேர பஸ்ஸுக்கே திரும்பிவிடுங்கள்.